குருத்தணு ஆய்வும் உயிரறமும்

முன்னுரை

பனையின் குருத்தை வெட்டினால் மரமே பட்டுப்போகும். வாழையின் பக்கக் கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டாலோ தாய்வாழைக்கு ஊறில்லை. சீயமங்கலத்து உழவர் எவரும் அறிந்த உண்மை இது. இன்று மருத்துவ உலகில் பெரிதும் பேசப்படும் ஓர் அறச்சிக்கலை விளங்கிக் கொள்ள இவ்விரு மரங்களே நமக்குப் போதுமானவை.

'ஸ்டெம் செல்' என்பதனைத் தமிழில் 'தண்டு உயிரணு' என்பாரும் 'குருத்தணு' என்பாரும் உளர். செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் எக்கல் 1868இல் இச்சொல்லின் மூலவடிவத்தை ஆண்டபோது, ஒரு குலம் கிளைக்கும் அடிமரத்தையே கருத்திற் கொண்டார். ஆதலின் புதிய தளிர்களை ஈனும் ஆற்றலைச் சுட்டும் 'குருத்தணு' என்னும் சொல்லே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது.

குருத்தணுவின் இயல்பு

நம் உடலின் தோலணு தோலாகவும் நரம்பணு நரம்பாகவும் நிலைபெற்றுவிட்டவை. குருத்தணுவோ தன்னைப் போன்ற அணுக்களைப் பெருக்கவும், வேறு வகை அணுக்களாக மாறவும் வல்லது. கனடா நாட்டின் டில், மெக்கல்லாக் என்னும் அறிஞர் இருவர் 1960களின் தொடக்கத்தில், எலும்பு மஜ்ஜையிலுள்ள இத்தகைய அணுக்களைச் சோதனை வழியாக நிறுவினர். நாள்தோறும் நம் குருதியைப் புதுப்பிப்பவை இவையே.

குருத்தணுக்கள் கிடைக்கும் இடங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, வளர்ந்த உடல். மற்றொன்று, கருவுற்றுச் சில நாட்களே ஆன இளங்கரு. முன்னது வாழைக்கன்று போன்றது. கொடுத்தவர் நலமுடன் வாழ்வார். பின்னது பனங்குருத்துப் போன்றது. எடுத்தபின் அக்கரு வளர்வதில்லை. அறச்சிக்கல் பெரிதும் எழுவது இப்பின்னதனாலேயே ஆகும்.

வேலூர் காட்டும் வழி

வாழைக்கன்று வழிக்குச் சிறந்த சான்று நம் அண்டை நகராகிய வேலூரில் உள்ளது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை நடத்தி வருகிறது. தலசீமியா, குருதிப் புற்று முதலிய நோய்களால் மாளவிருந்த குழந்தைகள் பலர் அதனால் வாழ்வு பெற்றனர். உடன்பிறந்தார் ஒருவரின் மஜ்ஜை முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்திவிட்டால், தமக்கையின் குருத்தணு தம்பியின் உடலில் குருதியாய் ஊறும்.

அக்கல்லூரியில் நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையுடன் குருத்தணு ஆய்வு மையமும் இயங்குகிறது. குருதி உறையாமை நோயுற்ற ஐவருக்கு, அவர்தம் குருத்தணுக்களையே எடுத்து, குறைபட்ட மரபணுவின் நல்ல படியை அவற்றுள் செலுத்தி, மீண்டும் உடலிற் சேர்த்தனர். சிகிச்சைக்குப் பின் அவர்களிடம் குருதிக்கசிவு நிகழவில்லை என்னும் முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. ஐவர் என்பது சிறு தொகையே. நெடுங்காலக் கண்காணிப்பும் வேண்டும். எனினும், இங்கு எக்கருவும் அழிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இவ்வழியிலும் அறவினா இல்லாமலில்லை. மஜ்ஜை கொடுப்பது ஐந்து வயதுக் குழந்தையாயின் அதன் இசைவை யார் தருவது? பெற்றோர் தருவர், ஆனால் அவர்களே நோயுற்ற பிள்ளைக்கும் பெற்றோர் அல்லரோ?

கருவின் குருத்து

1978இல் இங்கிலாந்தில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டிலும் ஒரு குழந்தை பிறந்தது. இம்முறையில் உருவாக்கப்படும் கருக்கள் அனைத்தும் கருப்பையிற் சேர்க்கப்படுவதில்லை, சில எஞ்சுகின்றன. 1998இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் அத்தகைய கருக்களிலிருந்து மனிதக் குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். எந்த உறுப்பின் அணுவாகவும் மாறவல்ல அவை பெரும் நம்பிக்கையை ஊட்டின. பெரும் பூசலையும் விளைத்தன. எஞ்சிய கரு எப்படியும் அழியப் போவதுதானே என்பர் ஒரு சாரார். அழியப் போவது என்பதனால் நாமே அழிக்கும் உரிமை வந்துவிடுமா என்பர் மறுசாரார்.

ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா 2006இல் சுண்டெலியின் சாதாரண உடலணுவையும், மறு ஆண்டில் மனிதத் தோலணுவையும் நான்கு மரபணுக்களின் துணையால் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. பனையை வெட்டாமலே குருத்தைப் பெறும் வழி இது. ஆயினும் கருவணு ஆய்வு இன்னும் முற்றும் நின்றுவிடவில்லை.

சமயங்களின் நோக்கு

செஞ்சிக் கோட்டையில் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உள்ளன. சீயமங்கலத்திலோ மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சிவன் குடைவரையும் சமணச் சிற்பங்களும் உள்ளன. இம்மண்ணின் மக்கள் உயிரைப் பற்றிப் பல நெறிகளில் நின்று சிந்தித்தவர்கள். ஆகவே விடையும் ஒன்றாக இல்லை.

கருத்தரித்த கணம் முதலே அதனை மனித உயிராக மதிக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. சிற்றுயிர்க்கும் ஊறு செய்யாமையைச் சமணம் வற்புறுத்துகிறது. இசுலாமியச் சட்ட அறிஞருள் பலர் கருவில் ஆன்மா ஊதப்படுவது 120ஆம் நாளில் என்றும், சிலர் 40ஆம் நாளில் என்றும் கொள்வர். மக்காவில் கூடிய இசுலாமியச் சட்டவியல் மன்றம் 2003இல், சோதனைக்குழாய் முறையில் எஞ்சிய கருக்களைப் பெற்றோர் இசைவுடன் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்றும், ஆய்வுக்கென்றே கருவை உண்டாக்குவதும் கலைப்பதும் கூடா என்றும் கருத்துரைத்தது. தொல்காப்பிய மரபியலோ ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் படிநிலைப்படுத்துகிறது. அப்படிகளுள் இளங்கரு எங்கு நிற்கும் என்பது நம் மாணவர்கள் ஆராயத்தக்க வினா.

சட்டம் இட்ட வேலி

இங்கிலாந்தில் வார்னாக் குழு 1984இல் பதினான்கு நாள் எல்லையைப் பரிந்துரைத்தது. முதுகெலும்பின் முன்னோடியான கோடு கருவில் தோன்றுவது ஏறத்தாழ அந்நாளில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்டு, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்திய நெறிமுறைகள் இவ்வெல்லையை ஏற்கின்றன. மனிதப் படியாக்கத்தைத் தடுக்கின்றன. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், கருக்களைப் பத்தாண்டு வரை சேமிக்கவும், அதன்பின் இசைவுடன் ஆய்வுக்கு வழங்கவும் இடமளிக்கிறது.

வேலி இருந்தும் பயிர் மேய்ந்தவர் உண்டு. தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் படியாக்கக் கருவினின்று குருத்தணு பெற்றதாக அறிவித்துப் பெரும்புகழ் எய்தினார். அது பொய்யெனத் தெளிந்து, அவர்தம் கட்டுரைகள் 2006இல் விலக்கப்பட்டன. தம்கீழ்ப் பணியாற்றிய பெண்களிடமிருந்தே கருமுட்டை பெற்றதும் வெளிப்பட்டது. தலைவர் கேட்கும்போது பணியாளர் தரும் இசைவு இசைவாகுமா?

நம்பிக்கையின் விலை

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவரின் தந்தை, வண்ணத்தாள் ஒன்றைக் கையிற் கொண்டு வந்தார். தசைச் சிதைவு நோயுற்ற இளைய மகனுக்குக் குருத்தணு ஊசி போட்டால் நடப்பான் என்று அதில் அச்சிட்டிருந்தது. "ஐயா, படித்தவர் நீங்கள், இருக்கிற இரண்டு காணியை விற்றுவிடலாமா?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. மருத்துவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூறி அனுப்பினோம். நிலம் போயிற்று; பிள்ளை நடக்கவில்லை.

அன்று கூறியிருக்க வேண்டிய விடை இதுதான். நம் நாட்டு நெறிமுறைப்படி, குருதி சார்ந்த நோய்களுக்கான குருத்தணு மாற்றே ஏற்கப்பட்ட சிகிச்சை. தசைச் சிதைவு, மதியிறுக்கம், மூளை முடக்கம் போன்றவற்றிற்கு அது ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஆய்வுக்கு உட்படுவோரிடம் பணம் பெறுதல் நெறியன்று. ஆதலின், "இது சிகிச்சையா, ஆய்வா? அரசுப் பதிவேட்டில் பதிந்துள்ளதா? அறநெறிக் குழு ஒப்பியதா? ஆய்வெனில் எம்மிடம் பணம் கேட்பதேன்?" என்னும் நான்கு வினாக்களை எவரும் கேட்கலாம்.

முடிவுரை

கருவின் உயிர்நிலை பற்றி நாம் கருத்து வேறுபடலாம், அதில் பிழையில்லை. ஆனால் துயருற்ற பெற்றோரின் நம்பிக்கையை விற்றுப் பிழைப்பது எந்நெறிக்கும் ஒவ்வாது. கற்றவர் தாம் அறியாததை அறிந்தது போலக் கூறுதலும் அக்குற்றத்திற்குத் துணைபோதலே. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் மேற்கூறிய நான்கு வினாக்களையும் தத்தம் ஊருக்கு எடுத்துச் செல்வாராயின், இன்னொரு தந்தையின் இரண்டு காணியாவது எஞ்சும்.