பெரிய பாக்கெட் மலிவா?

கேள்வி: துவரம் பருப்பு அரை கிலோ 84 ரூபாய், 2 கிலோ 340 ரூபாய். பெரிய பாக்கெட் வாங்குவதுதானே லாபம்?

பதில்: இல்லை. அரை கிலோவின் நான்கு மடங்கு 2 கிலோ. விலையையும் நான்கால் பெருக்குங்கள்: 336 ரூபாய்தான் வருகிறது. சின்ன பாக்கெட்டுகளே மலிவு.

கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று இந்தியாவில் பாக்கெட்டின் மேலேயே பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அது எம்.ஆர்.பி. கணக்கு, தள்ளுபடி விலையை நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். லிட்டர் 150 ரூபாய், கிலோ 160 ரூபாய் என்றால் லிட்டர்தான் மலிவு என்று தோன்றும். 150ஐ 0.91ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 165 ரூபாய் விழுகிறது. கிலோ பாக்கெட்டையே எடுங்கள்.