மீன்தலை கற்பித்த பாடங்கள்

கடையம் என்றால் செல்லம்மாளின் பிறந்தகம் என்றும், பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் என்றும் சொல்வது உலக வழக்கம். முதுகெலும்புள்ள ஜீவராசிகளின் மூளை பரிணமித்த விதத்தை ஆராய்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இப்போது மலையடிவாரத்துத் திண்ணையில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் எனக்கோ, ஊரின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது சந்தையில் மீன் விற்ற ஓர் ஆச்சியின் அரிவாள்மனைதான்.

ஆழ்வார்குறிச்சிக் கல்லூரியில் விலங்கியல் படித்த நாட்களில், கெண்டையின் தலையும் கெளுத்தியின் தலையும் மட்டும் போதும் என்று அந்த ஆச்சியிடம் கேட்டேன். "ஏலே, தலைய மட்டும் கொண்டு போயி என்னத்தச் செய்யப் போற? கொழம்புக்கு ஒடம்பு வேண்டாமா?" என்று சிரித்துவிட்டு, "வெயிலுக்கு முந்திக் கொண்டு போயிரு" என்றும் சொல்லியனுப்பினாள். நான் வழியில் நண்பன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் போய் மண்டையோட்டைத் திறந்தபோது, உள்ளே இருந்தது மூளையல்ல, கலங்கிய தயிர். இறந்த உடலில் முதலில் குழைகிற அவயவங்களுள் மூளையும் ஒன்று என்பதைப் புத்தகம் சொல்லுமுன் அன்றைய வெயில் சொல்லிவிட்டது. மறுவாரம் பார்மலின் புட்டியைச் சந்தைக்கே எடுத்துச் சென்றேன்.

அந்த இரண்டாம் பிரயத்தனத்தில் கண்டதுதான் என் ஜீவனத்தையே நிர்ணயித்தது. கெண்டையின் சிறுமூளைக்குப் பின்னால், எங்கள் பாடப்புத்தகத்துச் சுறாமீன் படத்தில் இல்லாத இரண்டு பெரும் புடைப்புகள் இருந்தன; நோயுற்ற மீன் போலும் என்று எண்ணி, வேறு மூன்று கெண்டைகளைத் திறந்தேன்; அவற்றிலும் அவை இருந்தன. கெளுத்தியிலோ புடைத்திருந்தது வேறோர் இடம். கெண்டை சேற்றை வாய் நிறைய அள்ளி, அண்ணத்தால் சுவைத்துப் பார்த்து, இரையை விழுங்கி மணலைத் துப்புகிற பிராணியாதலால், வாயின் உட்புறச் சுவையைச் சுமக்கும் பத்தாம் நரம்பு சேருமிடம் பெருத்திருக்கிறது. கெளுத்தியோ மீசையாலும் உடம்பின் தோலாலும் சுவையறிவதாதலால் ஏழாம் நரம்பு சேருமிடம் பெருத்திருக்கிறது. இதனை அமெரிக்காவில் ஜட்சன் ஹெர்ரிக் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதி வைத்திருந்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். எனினும் அவருடைய நூலைப் படிக்குமுன் கண்ணால் கண்டதைப் பெரும் பாக்கியமாகவே கருதுகிறேன். ஆகையால் இத்துறைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: ஒரு பிராணியின் மண்டையைத் திறக்குமுன், அது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எதைக்கொண்டு உலகை அறிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம் மிகச் சாமானியமானது. ஆயினும் அதற்கு நான் கொடுத்த விலை இரண்டு வருஷம். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பல வகை மீன்களின் மூளைகளைத் தனித்தனிப் புட்டிகளிலிட்டு, அழகான கையெழுத்தில் பேனா மையால் பெயர்ச்சீட்டு எழுதி, அவற்றையும் உள்ளேயே போட்டு வைத்திருந்தேன். சில மாதங்களுக்குப்பின் சீவுவதற்காக எடுத்துப் பார்க்கையில், ஆல்கஹாலில் மை கரைந்துபோய், எல்லாச் சீட்டுகளும் வெள்ளையாய்ச் சிரித்தன. பென்சில் எழுத்து கரைவதில்லை என்பது அங்கிருந்த கடைநிலை ஊழியருக்கும் தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவ்வளவே. மூளையை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் சீவுகருவியில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு கனத்தில் வரிசை மாறாமல் சீவும் வேலையில், எந்தச் சீவல் எதன் பின்னது என்ற குறிப்பு தவறினால் மிச்சமெல்லாம் வீண். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலிருக்கும் மனித சிசுவின் மூளையைப் பற்றி 2024இல் 5,132 சீவல்கள் கொண்ட படத்தொகுதியை வெளியிட்டதென்று படித்தபோது, அந்த எண்ணிக்கையினும் அதன் பின்னாலிருந்த ஒழுங்கையே வியந்தேன்.

மூன்றாவது, முன்னோர் இட்ட பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் எடிங்கர், பறவையின் முன்மூளையில் பெரும்பகுதி, பாலூட்டிகளின் மூளையடியில் கிடக்கும் பகுதிக்கே இணையானது என்று கருதி அதற்கேற்பப் பெயரிட்டார். அப்பெயரின் பலத்தாலேயே, பறவை இயல்பூக்கத்தால் மட்டும் இயங்குவது என்ற அபிப்பிராயம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 1960களில் ஹார்வி கார்டென் என்பவர் நரம்புப் பாதைகளைத் தொடர்ந்து சென்று, நம் பெருமூளைப் புறணி செய்கிற தொழிலைப் பறவையின் அப்பகுதியும் செய்வதைக் காட்டினார். 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அறிஞர்கள் கூடிப் புதுப் பெயர்களை வகுத்தார்கள். ரேவன் என்னும் பெருங்காக்கையின் 14 கிராம் மூளையில் 200 கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் நெருங்கிக் கிடப்பதாக 2016இல் எண்ணிச் சொன்னார்கள். காக்கையின் புத்தி குரங்கினிடமிருந்து வந்ததன்று. இருவரின் பொது மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. எனவே இரண்டு பிராணிகளிடத்தில் ஒரே சிறப்பைக் கண்டால், அது பிதிரார்ஜிதமா, அவரவர் சுயார்ஜிதமா என்று தீர்மானிக்க ஓணானையும் தவளையையும் சாட்சிக்கு அழையுங்கள்.

நான்காவதாக, பருமனைக் கண்டு மயங்க வேண்டாம். எங்கள் ஊர் வாழைத் தோட்டங்களில் இறங்கும் யானையைப் பார்த்து, மூளை பெரிதாதலால் புத்தியும் பெரிது என்று சொல்வாருண்டு. மூளையைக் கரைத்து ரசமாக்கி அணுக்கருக்களை எண்ணும் முறையை வகுத்த பிரேசில் நாட்டுச் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர், ஆப்பிரிக்க யானை ஒன்றின் மூளையில் 25,700 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2014இல் தெரிவித்தார்கள்; மனிதனுக்கு 8,600 கோடிதான். ஆனால் யானையின் அணுக்களில் நூற்றில் 97 பங்குக்கு மேல் சிறுமூளையில் இருக்கின்றன. பெருமூளைப் புறணியில் இருப்பவை 560 கோடியே, நமக்கோ 1,600 கோடி. தும்பிக்கையின் நுட்பமான இயக்கத்துக்கே யானையின் சிறுமூளை அவ்வாறு பெருத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கெண்டை கற்பித்ததையே யானையும் கற்பிக்கிறது: மூளை ஏணிப்படியன்று, அந்தந்த ஜீவன் வாழும் வகைக்கு ஏற்ப அந்தந்தப் பகுதி வளர்கிறது.

அயல்நாட்டுக் கருவிகள் கிடைக்கவில்லையே என்று வருந்தும் மாணவர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது: காட்டுப் பிராணி எதையும் தொடாதீர்கள், அது சட்டத்துக்கும் தர்மத்துக்கும் விரோதம்; சந்தையில் கழிவாகப் போகிற மீன்தலை ஒன்றை வெயில் ஏறுமுன் வாங்கி, பார்மலினில் இட்டு, கண்டதைக் கையால் வரையுங்கள். புட்டிக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள்.