ஊதாத் தண்ணீர் கற்றுத்தந்த பாடம்



நான் அய்யனார் கோவில் மலையடிவாரத்தில் வளர்ந்தவன். எங்கள் ஓடைத் தண்ணீர் தெளிவாயிருக்கும். ஆனால் காலரா பயம் வந்த நாட்களில் ஊர்க்கிணறு இளஞ்சிவப்பாகிவிடும். சுகாதார ஊழியர்கள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போவார்கள். 1890-களில் ஆக்ராவிலிருந்த ஹேன்கின் என்ற கிருமியியல் அறிஞர் கிணறுகளுக்குப் பரிந்துரைத்த முறை அது.

அதே நிறத் தண்ணீரை என் பாட்டியின் கட்டிலருகிலும் கண்டேன். வெற்றிலையும் புகையிலையும் விடாமல் போட்டவர் பாட்டி. கன்னத்தில் புற்று வைத்து, வாயிலிருந்து துர்நாற்றம் வீசியது. பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் வாசற்படியிலேயே நின்றுவிடுவோம். ஒரு நர்ஸம்மா மட்டும் அருகே உட்கார்ந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, அந்தத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைப்பார். பிறகு பஞ்சினால் உதட்டைத் துடைப்பார்.

மருந்தின் வரலாறு

1850-களில் லண்டனைச் சேர்ந்த ஹென்றி காண்டி என்பவர் பெர்மாங்கனேட் உப்புகளிலிருந்து கிருமிநாசினி தயாரித்தார். அது ‘காண்டிஸ் திரவம்’ என்று பெயர் பெற்றது. பல வருடங்கள் மருத்துவமனைகளில் தொண்டைப் புண்ணுக்கும் நாறும் வாய்ப்புண்ணுக்கும் அதை மிகவும் நீர்க்கக் கரைத்துக் கொப்பளிக்கக் கொடுத்தார்கள்.

இந்த உப்பு, தொடுகிற அழுக்கையும் கிருமியையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. நாற்றம் தரும் பொருள்களைச் சிதைக்கிறது. ஆனால் எச்சிலும் சீழும் பட்டவுடன் அதன் பலம் செலவழிந்துபோகும். ஊதா நிறம் பழுப்பாகும். பற்களிலும் துணியிலும் கறை பிடிக்கும். கரையாத துகள் பட்டால் வாய் வெந்துவிடும். ஆகவே இதைவிட நல்ல மருந்துகள் வந்தபோது இது ஒதுக்கப்பட்டது. 1970-ல் டென்மார்க்கில் லோ, ஷியாட் என்ற ஆய்வாளர்கள், 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலால் தினம் இருமுறை கொப்பளித்தால் பற்களில் கிருமிப்படலம் படிவது தடுக்கப்படுகிறது என்று காட்டினார்கள். இன்றும் சில தோல் நோய்களுக்குப் பெர்மாங்கனேட் பயன்படுகிறது. வாய்க்கு மட்டும் யாரும் வீட்டில் இதைக் கரைத்துப் பார்க்க வேண்டாம்.

மருந்து செய்யாதது

ஊதாத் தண்ணீர் பாட்டியின் நாற்றத்தைச் சற்று நேரம் தணித்தது, புற்றைக் குணமாக்கவில்லை. அந்த நோய்க்குக் காரணம் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1933-ல் டாக்டர் ஓர் என்பவர், வெற்றிலை போடுகிற திருவிதாங்கூர் மக்களின் வாய்ப்புற்றைப்பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். அவர் பணிபுரிந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. புகையிலையை விடு என்று பாட்டிக்கு வேளையோடு சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. இது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

அப்படியானால் அந்த நர்ஸம்மாவின் வேலை வீணா? மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், செவிடும் கொன்னைவாயுமான ஒருவனை நம் ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் செல்கிறார்; அவனுடைய நாவைத் தொடுகிறார். தூரத்தில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? போதும். ஆனாலும் தொட்டார். பிறர் விலகுகிற வாயருகே நெருங்கிப்போவதும் சுகமாக்குதலின் ஒரு பங்கு என்று அந்தத் தொடுதலிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

நர்ஸம்மா எழுந்துபோன பிறகு, ஒருநாள் பாட்டி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் வாசற்படியைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் உட்கார்ந்தேன்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கையில் வாங்குகிற மருந்துகளில் சில, நாளை காண்டிஸ் திரவத்தைப்போலப் பழையதாகிப்போகும். அதற்காக வருந்த வேண்டாம். நல்லது வரும்போது பழையதை விடுவதே உண்மையான ஊழியம். நோயாளியின் தலையைத் தாங்குகிற கை மட்டும் பழையதாவதில்லை. அந்தக் கைகளுக்காகவும் ஜெபியுங்கள்.

சிந்திக்க:

1. நம் வீட்டில், சபையில், யாருடைய படுக்கையருகே போகாமல் வாசற்படியில் நிற்கிறோம்?

2. புகையிலையை விடும்படி அன்போடு யாரிடம் இந்த வாரமே பேசவேண்டும்?