முதுகுவலிக்கு வட்டு மட்டுந்தான் காரணமா?

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் எலும்புக்கூட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் முதுகை எண்ணிப் பார்த்தவர் சிலரே. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதன்கீழ் ஒன்றாக இணைந்துவிட்ட 5, வாலெலும்பில் பெரும்பாலும் 4. ஆக 33 முள்ளெலும்புகள். இவற்றை நான் மனப்பாடம் செய்தது தேர்வுக்காக. அவற்றின் பொருள் விளங்கியது என் தந்தையார் படுக்கையில் விழுந்த பிறகுதான்.

தந்தையார் நெசவாளர். குழித்தறியில் காலை இறக்கி, முன்புறம் குனிந்து, நாள்தோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர். சென்ற ஆண்டு இடுப்பில் தொடங்கிய வலி ஒரு மாதம் ஆகியும் விடவில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தோம். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு பிதுங்கியுள்ளது என்று அறிக்கை வந்தது. அந்த ஒரு வரி எங்கள் வீட்டையே நிறுத்திவிட்டது. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். இனித் தறியில் இறங்கவே கூடாது என்றார் இன்னொருவர். தந்தையார் மூன்று மாதம் படுத்திருந்தார். வலி குறையவில்லை, எழுந்து நடக்கும் துணிவுதான் குறைந்தது. இது ஏன் என்று தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்தவை வட்டுகள், மொத்தம் 23. வெளியே நார்வளையம், உள்ளே நீர் மிகுந்த கூழ் போன்ற பொருள். வளையம் கிழிந்து உட்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் வலி பாயும் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் எழுதி வெளியிட்டனர். அது உண்மையே. ஆனால் அதன்பின் முதுகுவலி என்றாலே வட்டுதான் என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது.

1994-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு என்னை வியக்க வைத்தது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே! அப்படியானால் தந்தையாரின் படத்தில் கண்டது அவருடைய வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம்; வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நரைத்த முடியைப்போல, அங்கே இருந்ததாகவும் இருக்கலாம். படத்தைக் கொண்டு மட்டும் இதைச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையே நாட்பட்ட வலி என்பர். இடுப்புவலியில் பத்தில் ஒன்பது பங்கு, இன்ன உறுப்பின் கேடு என்று சுட்ட இயலாத வகையைச் சேர்ந்தது. இதனால் வலி பொய் என்று ஆகிவிடாது. நெடுநாள் வலிச்செய்தி கடத்திய நரம்பு மண்டலம் கூருணர்ச்சி அடைந்து, சிறு அசைவையும் பெருந்துன்பமாக உணர்த்துகிறது. அசையாத தசை மெலிகிறது; மெலிந்த தசை விரைவில் களைக்கிறது. உறக்கமின்மை, கூலி இழந்த கவலை, குனிந்தால் முதுகு ஒடிந்துவிடுமோ என்ற அச்சம் ஆகியவையும் வலியைக் கூட்டுகின்றன. எங்கள் வீட்டில் இவை அத்தனையும் இருந்தன.

படுக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1986-இல் டெயோ முதலியோர் திடீர் முதுகுவலிக்காரர்களில் ஒரு சாராருக்கு இரண்டு நாள் ஓய்வும் மற்றவர்களுக்கு ஏழு நாள் ஓய்வும் பரிந்துரைத்தனர். இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலைக்குச் செல்லாத நாட்கள் 45 விழுக்காடு குறைவு. வலி தீர்ந்ததில் வேறுபாடு இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறையும் நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியையும், நோயாளிக்கு நோயை விளக்கிச் சொல்வதையும் ஏற்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் ஏற்கவில்லை. நாங்கள் வாங்கிய பட்டை இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது!

எல்லா முதுகுவலியையும் இப்படி எளிதாக எண்ணிவிடவும் கூடாது. மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் எலும்புக் காசநோயாக இருக்கலாம். சிறுநீர் கட்டுப்படாமை, தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் வயதினர்க்கு ஒரு செய்தி: காலையில் எழும்போது முதுகு விறைத்து, நடமாட நடமாடத் தணிந்து, ஓய்வில் மிகும் வலி சில மாதங்கள் நீடித்தால், அது முதுகெலும்பு மூட்டழற்சியாக இருக்கலாம். இளைஞர்களிடம் தொடங்கும் இந்நோயை, விளையாட்டில் பிடித்த சுளுக்கு என்று பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர்.

தந்தையாரைப் பரிசோதித்த இயன்முறை மருத்துவர், இத்தகைய அடையாளம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் நாள் வாசல்வரை மட்டும் நடக்கச் சொன்னார். பிறகு தெருமுனை, பிறகு குளக்கரை. நான்காம் மாதம் தறியில் இறங்கினார். வலி முற்றும் போய்விடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை நாடாவை வைத்துவிட்டு எழுந்து நடக்கிறார். முன்பு நான்கு நாளில் முடித்த சேலைக்கு இப்போது ஐந்து நாள் ஆகிறது.