சுண்ணாம்பு எதற்கு அடித்தார்கள்?

திருவேற்காட்டிலிருந்தும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கமிருந்தும் இலக்கியம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு, நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன். பாடத்தில் 'வெள்ளையடித்த கல்லறை' என்று வந்தால் ஓரத்தில் 'போலித்தனம்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

1. முதலில் பொருளைப் பாருங்கள். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வருகிற உருவகம் இது. அந்தக் காலத்து யூதர்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தது அழகுக்காக அல்ல. கல்லறையைத் தொட்டவருக்கு 7 நாள் தீட்டு என்பது எண்ணாகமத்து விதி. பஸ்கா பண்டிகைக்கு வெளியூர்க் கூட்டம் திரளும். தெரியாமல் தொட்டுவிட்டால் பண்டிகை போயிற்று. அதனால் ஒரு மாதம் முன்பே வெள்ளையடித்து அடையாளம் வைத்தார்கள். கிட்டே வராதே என்கிற வெள்ளை அது. அதைத்தான் இயேசு வெளியழகாகத் திருப்பிக் காட்டுகிறார். லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இதற்கு நேர்மாறான உவமை: அடையாளமே இல்லாத கல்லறை, மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒன்றில் பூச்சு உண்டு, மற்றதில் இல்லை. இரண்டிலும் கெடுவது நம்பி வந்தவன். ஆகவே எந்தக் கதையிலும் வேஷம் போட்டவனை மட்டும் பார்க்காதீர்கள், அதை நம்பியவனுக்கு என்ன ஆயிற்று என்றும் தேடுங்கள்.

2. போலி வேறு, துரோகம் வேறு. பெரியபுராணத்து முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, ஏட்டுக்கட்டில் கத்தியை மறைத்துக்கொண்டு மெய்ப்பொருள் நாயனாரின் அந்தப்புரம் வரை போகிறான். வணங்கிய அரசரைக் குத்துகிறான். ஆனால் அவன் போரில் பலமுறை தோற்ற பகைவன். அரசரோடு அவனுக்கு உறவு எதுவும் இல்லை. அவன் ஏமாற்றியது நீற்றை வைத்து. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் அப்படியல்ல, அவர் கூடவே இருந்து ஒரே பாத்திரத்தில் கைவிட்டு உண்டவன். உறவு இருந்தால்தான் அது துரோகம். முத்தமிட வந்தவனை இயேசு 'சிநேகிதனே' என்று அழைக்கிறார். குத்தியவனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி மெய்ப்பொருளார் காவலன் தத்தனிடம் சொல்கிறார், தத்தன் திரும்பி வந்து சேதி சொல்லும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். குற்றவாளியின் வேஷத்தைப் போலவே, அடிபட்டவரின் நடத்தையும் உருவகத்தின் பாதி.

3. கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' (1899இல் பத்திரிகைத் தொடராக வந்தது) பலருக்கும் பாடம். தன்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிற கம்பெனியின் அலுவலகம் இருக்கிற நகரம் வெள்ளையடித்த கல்லறையை நினைவூட்டுவதாகக் கதைசொல்லி மார்லோ சொல்கிறான். நகரத்தின் பெயரைச் சொல்வதில்லை. பிரஸ்ஸல்ஸ் என்பது வாசகர் புரிந்துகொள்வது. காங்கோவைச் சுரண்டிய லியோபோல்டு மன்னரின் தலைநகரம் என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். கல்லறை என்றால் எலும்பு எங்கே? அதற்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது: மார்லோவுக்கு முன் அந்த வேலையில் இருந்த கேப்டன் ஆப்பிரிக்காவில் செத்துக் கிடக்க, விலா எலும்புகளுக்கு ஊடே புல் வளர்ந்து நிற்கிறது. சுண்ணாம்பு ஐரோப்பாவில், எலும்பு காங்கோவில். அப்புறம் முடிவுக்குப் போங்கள். பொய்யே பிடிக்காது என்கிற மார்லோ, அதே நகரத்தில், கம்பெனியின் ஆளான கர்ட்ஸுக்கு நிச்சயித்த பெண்ணிடம் பொய் சொல்கிறான். கதை சொன்னவன் கையிலும் சுண்ணாம்பு ஒட்டிவிட்டது. இதைக் கண்டுபிடித்து எழுதுகிற மாணவரை நான் மெச்சுவேன்.

4. ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயையும் குறளின் புலித்தோல் போர்த்த பசுவையும் ஒன்றாக்காதீர்கள். முன்னது கொல்ல வருவது. 'கூடாவொழுக்கம்' அதிகாரத்துப் பசு, மனவலிமை இல்லாமல் தவவேடம் பூண்டவனுக்கு உவமை, திருட்டுத்தனமாக மேய்வது.

5. யார் யாருக்குச் சொன்னது என்று கேளுங்கள். பரிசேயர் என்ற யூத சமயக் குழுவினரை வெள்ளையடித்த கல்லறை என்று கடிந்த இயேசுவும் யூதரே. அது ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டை. பின்னால் வந்தவர்கள் அதை யூத இனத்தின் மேலேயே ஏற்றி நூற்றாண்டுக் கணக்கில் கொடுமை செய்தார்கள். இயேசுவின் பாடுகளுக்கு யூதர் எல்லோர்மீதும் பழி போடக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. உங்கள் கட்டுரையில் 'யூத குணம்' என்று ஒரு சொல்கூட வரக்கூடாது.

6. நம் திருவேற்காட்டுக்காரர் மூர்க்க நாயனாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடியாருக்குச் சோறு போட்டே சொத்தை இழந்தார். பிறகு சூதாடினார். ஆட ஆள் கிடைக்காமல் கும்பகோணம் வரை போனார். தோற்றபின் மறுத்தவர்களைச் சுரிகையால் குத்தினார், பெயரே அதனால் வந்தது. குன்றத்தூர் சேக்கிழார் இதில் எதையும் மறைக்கவில்லை. வெளியே பார்த்தால் அருவருப்பு, உள்ளே அன்பு: கல்லறை உருவகத்தின் மறுபுறம். ஆனாலும் குத்துப்பட்டவனை நீங்கள் மறக்கக் கூடாது, முதல் அறிவுரை இங்கேயும் செல்லும்.

சூதில் வந்த பணத்தை மூர்க்க நாயனார் கையால் தொடுவதில்லை. சமைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அடியார் உண்டபின் கடைசிப் பந்தியில் அவர் உண்பார். மத்தேயு 27ஆம் அதிகாரத்திலும் தொடாத பணம் ஒன்று உண்டு. யூதாஸ் வீசிய 30 வெள்ளிக்காசு இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்கிறார்கள் பிரதான ஆசாரியர்கள், அதைக் கொடுத்தவர்களே அவர்கள்தாம். அந்தப் பணத்தில் குயவனின் நிலத்தை வாங்கினார்கள், அந்நியரைப் புதைக்க.