கடிகாரம் மாறும் ஞாயிறு

அன்புள்ள சகோதரிக்கு,

ஜனவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளம்புகிறீர்கள், ஆறு மாத வேலை, நான்கு வயது மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை அடித்துவிட்டு, அதையே மறுபடி எழுதியிருந்தீர்கள்: “அழுகை வருகிறது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கிறது. இது தப்பா அக்கா?”

தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பியபோது எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

2014 அக்டோபர் தொடக்கத்தில் அதே ஊருக்குத்தான் நானும் போனேன். கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. சென்னையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் விமானம் என்பதால், அவள் தூங்கிய பிறகு ஓசைப்படாமல் வீட்டைவிட்டு இறங்கினேன். நான் செய்த பெரிய பிழை அது. காலையில் எழுந்தவள் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். மூன்று நாள் என்னோடு போனில் பேசவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மகன் அழட்டும், நீங்களும் அழுங்கள். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலைத் தாண்டுங்கள்.

விமானத்தில் விளக்கை அணைத்ததும் ஒன்று தோன்றியது: இனிப் பத்து மணி நேரம் என்னை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. அந்த நினைப்பிலேயே தூங்கிப்போனேன். மகள் பிறந்த பிறகு அப்படி நான் தூங்கியதே இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் விழித்தபோது எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்று புரிந்தது, உடனே குற்ற உணர்வும் வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சந்தோஷத்தையும் தனியாக அனுபவிக்க அது என்னை விடவில்லை. ஸ்டுட்கார்ட் அழகான ஊர். நகரத்துக்கு நடுவிலேயே குன்றுச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன, ஒரு தெருவிலிருந்து மேல் தெருவுக்கு ஏற நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறி மேலே நின்று ஊரைப் பார்க்கும்போதெல்லாம், இதை மகளிடம் சொன்னால் ‘என்னை விட்டுவிட்டு நீ ஊர் சுற்றுகிறாயா’ என்று கேட்பாளே என்று நினைப்பேன். அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பெரியவர்கள்தான். “பச்சைக் குழந்தையை விட்டுட்டு எப்படிம்மா மனசு வந்துச்சு?” அதற்கு இரண்டு வருடம் முன்பு என் கணவர் எட்டு மாதம் புனேயில் வேலை பார்த்தார். அவரிடம் ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்பார்கள். பதில் சொல்லிப் புரியவைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் தேவை, மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டவும் வேண்டும். அங்கே அடுக்ககங்களில் வீட்டு எண் பார்த்துத் தபால் தருவதில்லை, பெயர் பார்த்துத்தான் தருகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருந்தது அப்பாவின் பெயர். ஆகவே தபால் பெட்டியில் ஒட்டியது அப்பா பெயர். அலுவலகத்திலும் ‘ஃப்ராவ்’ (திருமதி) என்று தொடங்கி அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறைகூட விமானம் ஏறாமல் இறந்துபோனவர் அவர். முதல் வாரத்தில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். போகப் போக அதற்காகவே காலையில் சீக்கிரம் அலுவலகம் போகத் தொடங்கினேன்.

தீபாவளி அந்த ஆண்டு புதன்கிழமை வந்தது. அங்கே அது வேலை நாள். அதைத் தாங்கிக்கொண்டேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னை உடைத்தது. அதுவரை மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்வேன். நம் ஊரில் அப்போது எட்டரை, மகள் தூங்கப் போகும் நேரம். ஒரு கதை சொல்லி முடிப்பேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மூன்றரை மணி நேர இடைவெளி ஒரே இரவில் நாலரை ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நான் கூப்பிட்டபோது வீட்டில் மணி ஒன்பதரை, அவள் தூங்கிவிட்டிருந்தாள். தெருவில் இருட்டிக்கொண்டு வந்தது. ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து அன்று அழுததுபோல் அதற்குப் பிறகு நான் அழவில்லை. மறுநாள் மேலாளரிடம் போய், நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். தயங்காமல் சரி என்றார். நீங்கள் அழுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பகுதியில் ‘கேர்வோகே’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துப் படியையும் நடைபாதையையும் பெருக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். என் கதவில் அது தொங்கிய வாரத்தில் விளக்குமாறோடு இறங்கி வாசல் பெருக்கினேன். எதிர்வீட்டு மூதாட்டி அன்றுதான் முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கோலம் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமை ஓர் ஈழத் தமிழர் கடைக்குப் போவேன். முருங்கைக்காய் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். கடைக்காரர் 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். அன்று அந்த வழியாகத்தான் நிறைய பேர் மேற்கு ஜெர்மனிக்குள் நுழைந்தார்கள். ஒருநாள் ஊர் ஞாபகமாக இருக்கிறது என்று அவரிடம் புலம்பினேன். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: “பிள்ளை, உங்களுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு திகதி இருக்கு. எங்களுக்கு அது இருக்கேல்லை.”

அவர் கடிந்து சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து என் பயணச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். போர் துரத்தி வந்தவர் அவர். நான் விரும்பி வந்தவள், வேலை கற்றுக்கொள்ள வந்தவள். அந்த விருப்பத்தை ஏன் ஒளிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் என்னையே கேட்டேன். அடுத்த நாள் மகளிடம் படிக்கட்டுப் பாதைகளைப் பற்றிச் சொன்னேன், ஏறியபோது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சேர்த்து. எத்தனை படி என்று கேட்டாள். எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு எங்கள் பேச்சில் ‘எப்ப வருவ’ குறைந்து, ‘இன்னைக்கு எத்தனை படி’ வந்தது.

உங்கள் மகனிடமும் அழுகையை மட்டும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு அங்கே பிடித்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியட்டும்.

ஜனவரியில் நீங்கள் இறங்கும்போது இடைவெளி நாலரை மணி நேரமாக இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் நகரும், இடைவெளி மூன்றரைக்குக் குறையும். நான் அதற்கு முந்தைய நாளே கிளம்பிவிட்டேன், அந்த மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கும். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து, நீங்கள் ஐந்து மணிக்கு வேலை முடித்துக் கூப்பிடும்போது உங்கள் மகன் விழித்திருப்பான்.

அன்புடன்,
அக்கா