தண்ணீர் ஏன் மணக்கிறது?

நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவுக்குத் திரும்பிய குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "தண்ணீர் மணக்குது" என்பதாகும். முதலில் மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காலையில் குழாயைத் திறந்ததும் மணந்து, சிறிது நேரம் ஓடவிட்டபின் மறைந்தால் கோளாறு குழாயில் அல்லது தாங்கியில் உண்டு. தாங்கியைத் தேய்த்துக் கழுவி மூடிவைத்தால் பெரும்பாலும் சரிவரும். கிணற்றில் அள்ளிய தண்ணீரும் மணந்தால் கிணற்றையே கவனிக்க வேண்டும்.

கூழ்முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு வாயுவினால் வருவது. இலைகுழை அழுகிய, காற்றுப்படாத சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து இதை உண்டாக்குகின்றன. கிணற்றை இறைத்துச் சேறு அகற்றி, குளோரீன் இடுவதே பரிகாரம். குளோரீனின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவேண்டாம். அதன் புகை உள்ளே நிற்பவரைக் கொன்றுவிடும். போர் நடந்த இடமாயின், உள்ளே வெடிபொருள் இல்லை என்று உரியவர்கள் உறுதிசெய்யும்வரை கிணற்றில் கைவைக்க வேண்டாம்.

பவுசர் தண்ணீரின் குளோரீன் மணத்தைப் பலர் வெறுக்கிறார்கள். இலேசான அம்மணம் தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்பதன் அடையாளம். பொறுக்கமுடியாவிட்டால், குடிக்கும் அளவை மட்டும் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் மணம் குறையும். இதற்காக மணமில்லாத திறந்த கிணற்றைத் தேடிப்போவது நல்லதல்ல.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் மணம் வேறு விடயம். 2014, 2015 காலத்தில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையாகியது. கொதிக்கவைத்தோ குளோரீன் இட்டோ இதைத் தீர்க்கமுடியாது. அத்தண்ணீரைக் குடிக்காமலும் சமையலுக்கு எடுக்காமலும் விட்டு, உடனே அறிவிக்க வேண்டும்.

எமக்கு அதிக கவலை தருவது மணமே இல்லாத தண்ணீர்தான். மலசலகூடக் குழியின் கிருமிக்கும் தோட்டத்து யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றுக்கும் மணமில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் இவை இலகுவாகக் கிணற்றைச் சேரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ தண்ணீர் வற்ற வற்றச் செறிவாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அத்தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமற் குழந்தை நீலம்பாரிக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் குறைவு. மாப்பால் கொடுக்கவேண்டிய வீட்டார், கிணறு தோட்டத்தை ஒட்டியிருந்தால், தண்ணீரைப் பரிசோதிப்பித்து முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறிடத்து நல்ல தண்ணீரை எடுங்கள்.